கால் வீக்கமெல்லாம் பிள்ளை வீக்கம் அல்ல!



சென்ற மாதம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தேன். சம்பளச் சீட்டில் கழித்த காசு, ஒழுகும் கூரை, வராத தண்ணீர் என்று வழக்கமான பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் கடைசியில், தூண் ஓரமாக ஒரு பெண் நின்றாள். இருபத்து மூன்று வயது இருக்கும். புருஷனுடைய பெரிய சட்டையைப் போட்டு வயிற்றை மறைத்திருந்தாள். என் கண் அவள் காலுக்குப் போயிற்று. சிலிப்பர் வார் இரண்டும் சதைக்குள் புதைந்து கிடந்தன.

பேச்சு முடியும்வரை காத்திராமல் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

“எத்தனை மாசம்மா?”

சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “எட்டு முடியப் போவுதுக்கா. சத்தமா கேக்காதீங்க. கொந்திராக்காரருக்குத் தெரிஞ்சா நாளையிலேருந்து வராதேன்னுடுவாரு.”

“கால் எப்போலேருந்து இப்படி இருக்கு?”

“ரெண்டு வாரமா. அத்தை சொன்னாங்க, இது பிள்ளை வீக்கம், பெத்தா தன்னால வடிஞ்சிடும்னு.”

“தலைவலி?”

“இருக்கு. வெயில்ல உதிரிப்பழம் பொறுக்குறோம்ல, அதான். பனடோல் போட்டுக்குறேன்.”

கண் இமையும் வீங்கியிருந்தது. விரலில் ஏறாத கல்யாண மோதிரத்தைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தாள். கிளினிக் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், இரண்டு தவணை போகவே இல்லை. போனால் ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்ற பயம்!

கூட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அவளைக் காரில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மேல் எண் 160-ஐத் தாண்டியிருந்தது. அன்று இரவே ஆம்புலன்சில் ஈப்போவுக்கு அனுப்பினார்கள்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நிறைமாத உடம்பைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. எது சாதாரணம், எது ஆபத்து என்ற வித்தியாசம் தெரியாமல் நம் தோட்டங்களில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன!

பேய் என்று நினைத்தோம்

நான் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, எங்கள் லயத்தில் நாலாவது வீட்டுப் பெரியம்மாவுக்கு ஒன்பதாம் மாதம். கை, கால், முகம் எல்லாம் ஊதிக் கிடந்தது. பார்த்தவர்கள், “பொம்பளப் பிள்ளை போல, அதான் தண்ணி கட்டியிருக்கு” என்று சிரித்தார்கள். ஒருநாள் சாயங்காலம், கண் மங்குகிறது என்றார். சற்று நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. “காத்துக் கருப்பு அடிச்சிருக்கு” என்று பூசாரியைக் கூப்பிடப் போனார்கள். திருநீறு போட்டு, வேப்பிலை அடித்து, அதற்குப் பிறகுதான் லாரி தேடினார்கள். வழியிலேயே தாயும் போனார், பிள்ளையும் போயிற்று.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு மிசி எனக்கு விளக்கம் சொன்னபோதுதான் அது பேயல்ல என்று புரிந்தது. அது ரத்த அழுத்தத்தால் வரும் பிரசவ வலிப்பு. ஒரு கைப்பட்டையைச் சுற்றி இரண்டு நிமிடம் அழுத்தம் பார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காமல் போன உயிர் அது.

நாடு சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டில், ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் மலாயாவில் இறந்தார்கள். கோவிட் காலத்தை விட்டுப் பார்த்தால், அண்மை ஆண்டுகளில் அது 30-க்குக் கீழே வந்துவிட்டது. கிராமத்துக்குக் கிராமம் கிளினிக், பயிற்சி பெற்ற மிசிகள், ரத்த வசதி, ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. ஆனால் கிளினிக் கதவு திறந்திருந்தாலும், நாம் படி ஏறினால்தானே பலன்?

உடம்பு ஏன் இப்படி ஆகிறது?

ஏழு மாதம் நிறைந்தவுடன், அதாவது 28 வாரத்துக்குப் பிறகு, பிள்ளை வேகமாக வளரும். முதலில் கைமுஷ்டி அளவே இருந்த கருப்பை, 36-வது வாரத்தில் நெஞ்செலும்புக்குக் கீழே வந்து முட்டும். தாயின் ரத்தம் ஏறக்குறைய பாதி அளவு அதிகமாகிவிடும். அத்தனை ரத்தத்தையும் சுற்றி அனுப்ப இருதயம் கூடுதலாக உழைக்கிறது. இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குவதற்குக் காரணம் இதுதான். கடைசி வாரங்களில் பிள்ளையின் தலை கீழே இறங்கும். அப்போது மூச்சு கொஞ்சம் லேசாகும். ஆனால் மூத்திரப்பை நசுங்கி அடிக்கடி ஒதுங்கச் சொல்லும்.

பிள்ளை வெளியே வர வழிவிடவேண்டும் என்பதற்காக, இடுப்பு மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்கள் தளர்ந்து கொடுக்கின்றன. வயிறு முன்னால் தள்ளத் தள்ள, முதுகு பின்னால் வளைகிறது. இடுப்புவலி வருவது இதனால்தான். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டுப்பட்டை கீழே இறங்கிய மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து வெட்ட வேண்டும். எட்டாம் மாதத்தில், ஐம்பதாவது மரத்தைத் தாண்டும்போதே இடுப்பு விட்டுப்போகும். அதோடு இன்னொரு தொல்லை. விடியற்காலை எழுந்தால் வலது கை விரல்கள் மரத்துப்போய், ஊசி குத்துவதுபோல் இருக்கும். வெட்டுக் கத்தி பிடி நழுவும். பக்கவாதமோ என்று பயந்துவிட்டேன். அதுவும் நீர் கட்டுவதால் வருவதுதான். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. கத்தி பிடிப்பவர்கள், துணி பிழிகிறவர்கள், தொழிற்சாலையில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள் ஆகியோருக்கு இது அதிகமாகத் தெரியும். கையை உதறிவிடுங்கள், தூங்கும்போது மணிக்கட்டை மடக்காமல் வையுங்கள். பெரும்பாலும் பிள்ளை பிறந்த பிறகு சரியாகிவிடும்.

கீழே கிடப்பதை எடுக்கும்போது இடுப்பிலிருந்து குனியாதீர்கள். முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுங்கள். கனத்தை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். நிறைமாதத்தில் காண்டா வாளி, உர மூட்டை, பழ மூட்டை எதையும் தூக்கவே வேண்டாம். முடியாது என்று சொல்வது தப்பில்லை.

மூத்திரத்தை அடக்காதீர்கள்

இதை எழுத வெட்கப்பட்டால் வேலைக்காகாது, வெளிப்படையாகவே எழுதுகிறேன். காட்டில் கழிவறை கிடையாது. மண்டோர் ஆம்பிளை. பக்கத்து நிரையில் வேற்று ஆள்கள். அதனால் நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். கர்ப்பிணிக்கு இது இரட்டைக் கேடு. தண்ணீர் குறைந்தால் தலை சுற்றும், மலம் கட்டும். அடக்கி வைத்தால் மூத்திரத்தில் கிருமி சேரும். அந்தக் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறினால் குளிர்க்காய்ச்சல் வரும். மாதம் நிறையும் முன்பே வலி கண்டுவிடவும் கூடும். எரிச்சல், நாற்றம், அடிவயிற்று வலி, குளிர் இவற்றில் எது இருந்தாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு ஏற்ற மருந்து இருக்கிறது. கூட வேலை செய்யும் சகோதரிகள் நாலு பேர் சைலாவைப் பிடித்து மறைப்புக் கட்டிக்கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

நெஞ்செரிச்சலும் கால் குரக்குவலியும்

நெஞ்செரிச்சல் வந்தால் பிள்ளைக்குத் தலைமுடி அதிகம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். உண்மையில், வயிறு மேலே தள்ளுவதாலும், இரைப்பை வாய் தளர்ந்துபோவதாலும் புளித்த நீர் மேலே ஏறுகிறது. ஒரே நேரத்தில் தட்டு நிறையச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை சாப்பிடுங்கள். சம்பலையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறையுங்கள். சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள்.

மலச்சிக்கல் இந்த மாதங்களில் கூடவே இருக்கும். அதை முக்கி முக்கி மூலம் வருகிறது. கீரை, வாழைப்பழம், பப்பாளிப் பழம், நிறையத் தண்ணீர், கொஞ்சம் நடை, இவைதான் மருந்து. நன்றாகப் பழுத்த பப்பாளியை அளவாகத் தின்னலாம். காயைத்தான் தவிர்க்க வேண்டும்.

ராத்திரியில் கெண்டைக்கால் சதை கல்போல் இறுகிக் குரக்கு வலிக்கும். காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி இழுங்கள், விடும். காலில் நரம்பு பச்சையாகப் புடைத்தால், உட்காரும்போது காலை உயரமாகத் தூக்கி வையுங்கள். ஆனால் ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால், அது ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். தைலம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஏழு மாதத்துக்கு மேல் மல்லாந்து படுக்காதீர்கள். கருப்பையின் கனம் முதுகுப் பக்கத்துப் பெரிய ரத்தக் குழாயை அமுக்கும். தாய்க்கு மயக்கம் வரும், பிள்ளைக்கு ரத்தம் குறையும். ஒருக்களித்துப் படுங்கள். முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்புக்குச் சுகம். தூக்கத்தில் புரண்டுவிட்டால் பயப்பட வேண்டாம். விழித்ததும் திரும்பிக்கொண்டால் போதும்.

வயிற்றுத் தோல் விரியும்போது லேசாக அரிக்கும். ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரி தூங்கவிடாமல் அரித்தால் அது வேறு. ஈரல் சம்பந்தப்பட்டது. ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ரத்தமும் சர்க்கரையும்

ரத்தச் சத்து 11-க்குக் கீழே போனால் சோகை. பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் சோகை பிடித்த உடம்பு தாங்காது. இதற்காகத்தான் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். அதை வாங்கி வந்து அலமாரியில் அடுக்கி வைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். “மலம் கருப்பாப் போவுதுக்கா, பயமா இருக்கு” என்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டால் கருப்பாகத்தான் போகும், பயமில்லை. மாத்திரையைத் தேத்தண்ணியோடும் காப்பியோடும் விழுங்காதீர்கள். சத்து உடம்பில் ஏறாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை, கொய்யா, ஆரஞ்சு சேர்த்துக்கொண்டால் நன்றாக ஏறும். முருங்கைக்கீரை, நெத்திலி, முட்டை, பயறு எல்லாம் நம் கைக்கு எட்டியவைதான்.

நம் இந்தியர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். இனிப்புத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுக்கும் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள். சர்க்கரை இருந்தால் பிள்ளை பெருத்துப் பிரசவம் சிரமமாகும். இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்று சோற்றை மலையாகக் குவிப்பதும், பால்டின்னைக் கவிழ்த்துத் தேத்தண்ணி கலக்குவதும் அன்பு என்று நினைக்கிறோம். அந்த அன்பைக் காய்கறியிலும் மீனிலும் காட்டலாமே!

எந்த வீக்கம் சாதாரணம்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நிறைமாதத்தில் சாயங்காலமானால் பாதமும் கணுக்காலும் வீங்கும். காலை உயர்த்திப் படுத்து எழுந்தால் காலையில் குறைந்திருக்கும். இது பெரும்பாலும் சாதாரணம்.

ஆனால் காலையில் எழுந்தவுடனே முகம் அதைத்திருந்தால், கண் இமை வீங்கியிருந்தால், மோதிரமும் வளையலும் ஏறாமல் போனால், சில நாளிலேயே எடை திடீரென்று ஏறினால், அது வேறு வீக்கம். அதோடு விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி, வாந்தி இவையும் சேர்ந்தால், ரத்த அழுத்த நோய் முற்றுகிறது என்று அர்த்தம். சிலருக்கு வீக்கமே இல்லாமலும் வரும். அதனால்தான் ஒவ்வொரு தவணையும் அழுத்தமும் மூத்திரமும் பார்க்கிறார்கள். அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவை எட்டினாலே கவனம் தேவை.

தலைப்பிள்ளைக்காரர்கள், வயது கூடியவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், முன்பு இப்படி வந்தவர்கள், சர்க்கரையோ அழுத்தமோ ஏற்கெனவே உள்ளவர்கள் ஆகியோருக்கு இது வர வாய்ப்பு அதிகம். உப்பைக் குறைத்தால் போய்விடும், பார்லி குடித்தால் வடிந்துவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். டாக்டர்கள் கண்காணிப்பில் வைத்து அழுத்தத்தை இறக்குவார்கள். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் என்ற மருந்தை ஊசி வழியாக ஏற்றுவார்கள். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து, வலிப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று 2002-ஆம் ஆண்டில் உறுதி செய்த மருந்து அது. விலையும் அதிகமில்லை. எங்கள் பெரியம்மாவுக்கு வேப்பிலை அடித்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், காப்பாற்ற ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். பிள்ளை பிறந்துவிட்டால் ஆபத்து உடனே தீர்ந்துவிடாது. அதற்குப் பிறகும் சில வாரங்களுக்கு அழுத்தம் ஏறலாம், வலிப்பு வரலாம். வீட்டுக்கு வரும் மிசியைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

பிள்ளை உதைப்பதை எண்ணுங்கள்

கிளினிக்கில் கொடுக்கும் புத்தகத்தில் பிள்ளையின் அசைவைக் குறிக்க ஒரு கட்டம் இருக்கும். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி எண்ணுங்கள். பத்து அசைவு ஆனதும் நேரத்தைக் குறியுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குள் பத்து வரவில்லை என்றால் மறுநாள்வரை காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பத்து வந்தாலும், வழக்கத்தைவிட அசைவு குறைந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றினாலே போய்க் காட்டலாம். நிறைமாதத்தில் இடமில்லை, அதான் பிள்ளை அசையவில்லை என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். கடைசி நாள்வரை பிள்ளை அசையத்தான் வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் ஒட்டும் வண்ணத்துக்கும் அர்த்தம் உண்டு. வெள்ளை என்றால் மிசி பார்த்துக்கொள்வார். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்கவேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் அனுப்பவேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. வீட்டில் எல்லாரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எது பொய்வலி, எது மெய்வலி?

எட்டாம் மாதம் தொடங்கி வயிறு அவ்வப்போது இறுகித் தளரும். ஒழுங்கில்லாமல் வரும், கொஞ்சம் நடந்தாலோ, தண்ணீர் குடித்துப் படுத்தாலோ போய்விடும். இது பொய்வலி. மெய்வலி இடுப்பிலிருந்து முன்னால் வரும். நேரம் செல்லச் செல்ல அடிக்கடி வரும், பலமாக வரும், நடந்தாலும் நிற்காது. 37 வாரம் ஆகும் முன் இப்படி வந்தால் வீட்டில் இருக்கவே கூடாது.

கீழே உள்ளவற்றில் எது நேர்ந்தாலும் மாமியாரையும் கேட்கவேண்டாம், மண்டோரையும் கேட்கவேண்டாம். 999-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஏறுங்கள்.

1. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரத்தம் போவது.
2. பனிக்குடம் உடைந்து தண்ணீர் போவது.
3. விடாத தலைவலி, பார்வை மங்கல், முகம் கை வீக்கம்.
4. வலிப்பு.
5. பிள்ளை அசைவு குறைவது.
6. குளிர்க்காய்ச்சல்.
7. நெஞ்சுவலி, படுத்தாலும் அடங்காத மூச்சுத் திணறல்.

தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்கே அரைமணி நேரம் ஆகும் இடங்கள் பேராக்கில் இன்னும் இருக்கின்றன. ஒன்பதாம் மாதம் பிறந்தவுடனே, ராத்திரியில் எந்த வண்டி, யார் ஓட்டுவது, மழையில் எந்தப் பாதை என்று முடிவு செய்துவிடுங்கள். அடையாளக் கார்டு, கிளினிக் புத்தகம், துணிமணி எல்லாம் ஒரே பையில் தயாராக இருக்கட்டும்.

மருந்துத் தெளிப்பு வேலை

களைக்கொல்லி டின்னை முதுகில் சுமந்து தெளித்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். தெனாகனித்தா அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் பட்ட பாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பாரக்குவாட் என்ற கொடிய மருந்தை அரசாங்கம் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அடியோடு தடைசெய்தது. அது பெரிய வெற்றி. ஆனால் மற்ற மருந்துகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்த நாளிலேயே தெளிப்பு வேலையையும் மருந்து கலக்கும் வேலையையும் விட்டு வேறு வேலை கேளுங்கள். டாக்டர் கடிதத்தோடு எழுத்தில் கேளுங்கள். தெளித்துவிட்டு வரும் புருஷனும் சட்டையைத் தனியாகத் துவைத்து, குளித்துவிட்டுத்தான் மனைவி பக்கத்தில் வரவேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம்

பல்லாண்டுக் காலம் நமக்கு 60 நாள் பிரசவ விடுமுறைதான் இருந்தது. எனக்கும் 60 நாள்தான் கிடைத்தது. பால் கட்டிய மாரோடு மரம் வெட்டப் போனேன். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது 98 நாள். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வகுத்த 14 வார அளவு இதுதான்.

பிரசவத்துக்கு முந்திய நாலு மாதத்தில் எப்போதாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால் விடுமுறை உண்டு, சம்பளம் இல்லை. விடுமுறையைப் பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்து தொடங்கலாம். பிரசவத்துக்கு முந்திய 60 நாளுக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். 22 வாரத்துக்குப் பிறகு பிள்ளை இறந்து பிறந்தாலும் இந்த உரிமை உண்டு. அழுதுகொண்டே வேலைக்குத் திரும்ப வேண்டியதில்லை.

கர்ப்பிணி என்பதற்காக வேலையிலிருந்து நிறுத்த முடியாது. கர்ப்பத்தால் வந்த நோய்க்காகவும் நிறுத்த முடியாது. வேறு காரணம் இருந்தது என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. ஆகவே வயிற்றை மறைக்காதீர்கள், தாய்மார்களே! மறைத்தால், உங்களுக்குத் தெரியாது என்று அவர் சொல்ல வழிவிடுகிறீர்கள். எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொண்டால் அதுவே உங்கள் கேடயம்.

ஓய்வு வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் அது நோய் விடுப்பு. வேலை ஆண்டைப் பொறுத்து வருஷத்துக்கு 14, 18 அல்லது 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டியிருந்தால் அதற்கு மேல் 60 நாள்வரை உண்டு. கொந்திராக்கு ஆள் என்றாலும், கூலி கொடுத்து வேலை வாங்குகிறவர் முதலாளிதான். தகராறு செய்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். சங்கத்துக்கு வாருங்கள், கூட நாங்கள் வருகிறோம்.

வீட்டு ஆம்பிளைகளுக்கு

தம்பிமார்களே, உங்களுக்கும் 7 நாள் விடுமுறை சட்டத்தில் இருக்கிறது. அந்த முதலாளியிடம் ஒரு வருஷம் வேலை செய்திருந்து, 30 நாள் முன்னதாகச் சொல்லிவிட்டால் சம்பளத்தோடு எடுக்கலாம். அதைக் கடையில் உட்கார்ந்து கழிப்பதற்கு வாங்காதீர்கள். தண்ணீர் வாளி தூக்குவது, துணி அலசுவது, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு விடுவது எல்லாம் ஆண்மைக்குக் குறைவல்ல. கிளினிக் தவணையை நீங்களும் நினைவில் வைத்து, மோட்டார் சைக்கிளில் பள்ளத்தில் குதிக்கவிடாமல் மெதுவாகக் கூட்டிப் போங்கள்.

மாமியார்மார்களே, உங்கள் காலத்தில் நீங்கள் பட்டதை நான் குறைத்துச் சொல்லவில்லை. “நாங்கள்லாம் வெட்டிட்டு வந்து மதியமே பெத்தோம்” என்று சொல்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அப்படிப் பெற்று உயிரோடு இருப்பவர்கள்தானே அந்தக் கதையைச் சொல்கிறீர்கள்? போய்ச் சேர்ந்தவர்கள் வந்து தங்கள் கதையைச் சொல்லவில்லையே.

அந்தப் பெண் என்ன ஆனாள்?

ஈப்போவில் ஆறு நாள் வைத்துப் பார்த்தார்கள். அழுத்தம் அடங்கவில்லை. ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்கும் குறைவு. இரண்டு வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. இப்போது தாயும் பிள்ளையும் வீட்டில் இருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது பிள்ளை பாலுக்கு வீறிட்டு அழுதது. நிறைவாக இருந்தது.

ஆனால் கதை முழுதாக முடியவில்லை. அவள் பெயரே தம் கணக்கில் இல்லை என்கிறார் கொந்திராக்காரர். நல்லவேளை, தினமும் எத்தனை மூட்டை பொறுக்கினாள் என்பதைப் புருஷன் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். ஒன்பது மாதக் கணக்கையும் தாளில் எழுதி, தொழிலாளர் இலாகாவில் மனு கொடுத்திருக்கிறோம். 98 நாள் சம்பளம் வரும்வரை விடமாட்டோம்.

அவளுடைய அத்தை என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார். “பிள்ளை வீக்கம்னு நினைச்சிட்டேம்மா” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பார்கள். இந்தப் பத்தியைப் படித்தவர்கள் அப்படியே மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் லயத்தில், உங்கள் தாமானில், நிறைமாதத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம் போய் இன்று சாயங்காலமே கேளுங்கள்: “தவணைக்குப் போனியாம்மா? அழுத்தம் எவ்வளவு இருந்துச்சு?” இந்த இரண்டு கேள்வி போதும்.

மீண்டும் சந்திப்போம்.